அணைத்த கம்பியில் 26 வோல்ட்

விளக்கின் சுவிட்சை அணைத்தாயிற்று, விளக்கையும் கழற்றியாயிற்று. இருந்தும் கூரையில் தொங்கும் இரு கம்பிகளிலும் மல்டிமீட்டரை வைத்தால் 26 வோல்ட் காட்டுகிறது. கம்பியில் மின்சாரம் உண்டா, இல்லையா?

சென்ற பருவ விடுமுறையில் எங்கள் தாமான் வீட்டில் விளக்கு மாற்றப் போய் இப்படி மாட்டிக்கொண்டேன். கையிலிருந்தது பசார் மாலாமில் பதினைந்து வெள்ளிக்கு வாங்கிய கருவி. மலிவுச் சரக்கு, அதுதான் உளறுகிறது என்று எண்ணி, மின்னியல் படிக்கும் நண்பனின் விலையுயர்ந்த கருவியை இரவல் வாங்கி வைத்தேன். அது 98 காட்டியது!

விளக்கம் நாம் படிவம் ஐந்திலேயே தொட்ட பாடத்தில்தான் இருக்கிறது. (தமிழ்ப்பள்ளியில் 'மின்சுற்று' என்று படித்ததை இடைநிலைப்பள்ளியில் 'லீத்தார்' என்றும், இங்கே 'சர்க்கிட்' என்றும் படித்தவன் நான். மூன்று பெயர் தெரிந்தும் 26 வோல்ட்டைக் கண்டு விழித்தேன்.) இரண்டு உலோகங்களுக்கு நடுவே மின்சாரம் கடத்தாத பொருள் இருந்தால் அது மின்தேக்கி. சுவிட்சுக்குப் போகும் உயிர்க்கம்பியும், சுவிட்சிலிருந்து விளக்குக்குத் திரும்பும் கம்பியும் சுவருக்குள் ஒரே குழாயில் ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன. நடுவே பிளாஸ்டிக் உறை. பத்து மீட்டர் நீளத்திற்கு இப்படி ஓடினால் ஏறக்குறைய ஒரு நானோஃபாரட் சேர்ந்துவிடும். நம் நாட்டின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்திற்கு அது சுமார் 32 இலட்சம் ஓம் தடை. பெரிய தடைதான், ஆனால் அடைத்த கதவு அல்ல. சிறு கசிவு வந்துகொண்டே இருக்கும்.

சொட்டும் குழாய்க்கடியில் ஓட்டையில்லாத வாளியை வைத்தால் மெல்ல நிறைந்துவிடும். ஓட்டை வாளி நிறையாது. நல்ல கருவியின் உள்தடை பெரும்பாலும் ஒரு கோடி ஓம். அது ஓட்டையில்லாத வாளி. என் பதினைந்து வெள்ளிக் கருவிக்கு மாறுமின்னோட்ட நிலையில் நாலரை இலட்சம் ஓம் அளவுதான். ஆகவே அது குறைவாகக் காட்டியது. இரண்டுமே பொய் சொல்லவில்லை.

மலிவுக் கருவிக்கு வேறு கோளாறுகள் உண்டு. பேட்டரி இறங்கினால் அளவு கூடிக் காட்டும். 9 வோல்ட் பேட்டரியை மாறுமின்னோட்ட நிலையில் வைத்து அளந்து பாருங்கள்: ஒரு பக்கம் வைத்தால் இருபதை ஒட்டிக் காட்டும், திருப்பி வைத்தால் சுழி. அதன் உள்ளே அலையின் ஒரு பாதியை மட்டும் விடும் ஒரே ஒரு டையோடு இருப்பதுதான் காரணம்.

மாமா வந்தார். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன் அவர். மெயின் சுவிட்சை அணைக்காமல் கம்பியைத் தொட்டதற்கு முதலில் திட்டு விழுந்தது. பிறகு தம் சோதனை விளக்கை உயிருள்ள பிளக்கில் எரியவைத்துப் பார்த்தார்; அதை என் கம்பியில் வைத்தார், எரியவில்லை; மறுபடியும் பிளக்கில் வைத்தார், எரிந்தது. மூன்றாவது தடவை எதற்கு? நடுவில் விளக்கே பழுதாகியிருந்தால், செத்த விளக்கை நம்பிக் கம்பியில் கைவைத்திருப்போம். 40 வாட் இழைவிளக்கின் தடை எரியும்போதே 1,300 ஓம்தான். அது அடியே இல்லாத வாளி. கசிந்து வந்த 98 வோல்ட் அதில் காணாமற்போகும்.

நான் சறுக்கியது இதற்குப் பிறகுதான். சலவை இயந்திரத்தைத் தொட்டால் 'சுள்' என்கிறது என்று இரண்டு மாதமாக அம்மா செருப்போடு துணி துவைத்துவந்தார். அளந்தேன், இயந்திரத்தின் உடலுக்கும் எர்த்துக்கும் இடையே 60 வோல்ட். புதிதாய்க் கற்ற வித்தை சும்மா இருக்குமா? "பயப்படாதீங்கம்மா, இது பேய் வோல்ட்" என்றேன்.

மாமா ஒன்றும் பேசாமல் பிளக்கைத் திறந்தார். எர்த் கம்பி திருகிலிருந்து கழன்று கிடந்தது. இயந்திரத்தினுள்ளே இரைச்சலை வடிகட்டும் சிறு மின்தேக்கிகள் உண்டு. அவை வழியே வரும் கசிவு எர்த்துக்குப் போக வழியின்றி உடலில் தங்கியிருக்கிறது. அந்த அளவு கசிவு கொல்லாது. ஆனால் எர்த் கம்பி இருந்தால் அந்த 60 வந்தே இருக்காது. என்றாவது உள்ளே ஒரு கம்பியின் உறை தேய்ந்து உடலில் பட்டிருந்தால், 230 வோல்ட்டும் அம்மாவின் ஈரக்கைக்காகக் காத்திருந்திருக்கும்.

திருகை முடுக்கிய பின் அளந்தேன். சுழி. நண்பனின் கருவியிலும் அதேதான். அம்மா மட்டும் இன்னும் செருப்பைக் கழற்றவில்லை.