குறைந்த செலவில் கோழிச்சாறு



வீட்டில் ஒருவர் காய்ச்சலிலிருந்து எழுந்தாலும், அறுவை சிகிச்சை முடிந்து திரும்பினாலும், "கொஞ்சம் கோழிச்சாறு வைத்துக் கொடுங்கள்" என்பதே பெரியவர்கள் முதலில் சொல்லும் யோசனை. அதற்கென்று கைமாற்று வாங்கி நாட்டுக்கோழி பிடிக்கிறவர்களும் உண்டு. அவ்வளவு செலவு தேவையில்லை. சாற்றைப் பற்றி நம் வீடுகளில் நிலவும் ஒரு தவறான எண்ணத்தையும் இப்பாடத்தில் பார்ப்போம்.

கறிக்கடையில் கழுத்து, முதுகெலும்பு, இறக்கை நுனி, கால் ஆகியவற்றைத் தனியாகக் கேட்டால் கறியைவிட மலிவாகத் தருவார்கள். கோழிக்காலைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. எங்களைக் கேட்டால், சாற்றுக்கு அதுவே முதல்தரம். கொதிநீரில் சற்று நேரம் போட்டு எடுத்தால் மேல்தோல் உரிந்து வரும். நகங்களை வெட்டி எறிந்துவிடலாம். காலிலுள்ள தோலும் நரம்பும் வெந்து ஜெலட்டினாக மாறுவதால் சாறு ஆறியதும் கட்டியாக உறையும். அது கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல, கொழுப்பும் அல்ல. சூடாக்கினால் இளகிவிடும். முட்டையிட்டு ஓய்ந்த பண்ணைக்கோழி கிடைத்தாலும் நல்லது. அதன் கறி வறுவலுக்கு முரடு, சாற்றுக்கு ருசி.

அரைக் கிலோ எலும்புக்கறிக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் போதும். குழாயை வேகமாகத் திறந்து கழுவினால் துளி தெறித்துக் கிருமி பரவும். பாத்திரத்தில் வைத்தே அலசுங்கள். பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பேற்றி, பொங்கும் நுரையை எடுத்துவிட்டு, தீயைத் தணியுங்கள். தட்டிய இஞ்சி, பூண்டு, சின்ன வெங்காயம், மஞ்சள்தூள், கொத்தமல்லித் தண்டு சேர்க்கலாம். அரைமணி நேரத்தில் கழுத்தையும் முதுகையும் வெளியே எடுத்து, ஒட்டியிருக்கும் கறியைப் பிய்த்து வைத்துக்கொண்டு, எலும்பை மட்டும் மறுபடி போடுங்கள். மேலும் ஒன்றரை மணி நேரம் சிறுதீயில் கொதிக்கட்டும். குக்கரில் முக்கால் மணி நேரம் போதும்; எரிவாயுவும் மிச்சம். வடிகட்டிய பிறகு மிளகு, சீரகம் பொடித்துப் போடுங்கள். நீர் வற்றும்போது கரிப்பு ஏறும் என்பதால் உப்பைக் கடைசியில் சேர்ப்பதே நல்லது. இரத்தக்கொதிப்பு, இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிய்த்து வைத்த கறியை என்ன செய்வது? இங்கேதான் பலர் தவறுகிறார்கள். "சத்தெல்லாம் சாற்றில் இறங்கிவிட்டது, மிச்சம் சக்கை" என்று சொல்லி நோயாளிக்குச் சாற்றை மட்டும் கொடுத்து, கறியை மற்றவர்களுக்கோ நாய்க்கோ போடுகிறார்கள். உண்மை நேர்மாறானது. புரதத்தின் பெரும்பகுதி கறியிலேயே தங்கிவிடுகிறது. சாற்றில் இறங்கும் ஜெலட்டின் உடலுக்குத் தேவையான எல்லாப் புரதக் கூறுகளையும் கொண்டதல்ல. பாரிஸ் நகர மருத்துவமனைகளில் ஒரு காலத்தில் ஏழை நோயாளிகளுக்கு எலும்பு ஜெலட்டின் சூப் கொடுத்து வந்தார்கள். மஜாந்தி என்ற மருத்துவர் தலைமையில் அமைந்த குழு இதை ஆராய்ந்து, ஜெலட்டினை மட்டும் உண்டு உயிர் வாழ முடியாது என்று 1841இல் அறிக்கை தந்தது. நம் வீடுகளிலோ இன்றும் புண் ஆறவேண்டிய நோயாளி சாறு குடித்தே வயிற்றை நிரப்பிக்கொண்டு மெலிகிறார்! எலும்பை எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் சுண்ணாம்புச் சத்தும் சொற்பமே இறங்கும். அதற்குக் கேழ்வரகும் பாலும் முள்ளோடு உண்ணும் நெத்திலியும் மேல்.

ஆகவே பிய்த்த கறியைக் குழைந்த சோற்றில் பிசைந்து, சாறு ஊற்றி நோயாளிக்குக் கொடுங்கள். கறி போதாவிட்டால், கொதிக்கும் சாற்றில் ஒரு முட்டையை அடித்து ஊற்றி நன்றாக வேகவிடுங்கள்; ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் உண்டு. வெந்த பருப்பைக் கரைத்தும் சேர்க்கலாம். ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கும் இப்படியே: தண்ணீரான சாறு அதன் சின்ன வயிற்றை நிரப்பிவிடும், பசி அடங்காது. கறியை மைய மசித்து, சோற்றோடு கெட்டியாக ஊட்டுங்கள். ஆறு மாதத்துக்கு முன் தாய்ப்பால் மட்டுமே.

மீந்த சாற்றை இரவு முழுவதும் அடுப்பங்கரையில் விட்டுவைக்காதீர்கள். கொதியில் சாகாத கிருமி வித்துகள் சில, வெதுவெதுப்பில் மறுபடி பெருகும். அவற்றுள் சில வகை விடும் நஞ்சு பின்னர் கொதிக்க வைத்தாலும் போகாது. பாத்திரத்தைக் குளிர்ந்த நீர்த் தொட்டியில் இறக்கி வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஆற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் அன்றன்றைக்கு வேண்டிய அளவே வையுங்கள்: கால் கிலோ எலும்பு, ஒரு லிட்டர் தண்ணீர்.