புதிதாக நூலகப் பணிக்கு வந்திருக்கும் உனக்கு

அம்மாடி, திருச்சியில் கல்லூரி நூலகத்தில் சேர்ந்துவிட்டாய் என்று தம்பி சொன்னான். மனசு நிறைந்துபோயிற்று. நூலகச் செய்திகளை எப்படித் தொடர்வது என்று கேட்டிருந்தாயே, ஃபீட் ரீடர் ஒன்று வைத்துக்கொள். நீ குறித்துவைத்த தளங்களில் புதிதாக வருவதையெல்லாம் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்த்துவிடும். அதோடு என் சொல் சிலவற்றையும் கேட்டுக்கொள்.

1. ஃபீட்லியோ இனோரீடரோ, எந்த ரீடரானாலும் சரி, முதலில் பத்து ஓடைகளுக்கு (ஃபீட்களுக்கு) மேல் சேர்க்காதே. தி இந்து நாளிதழில் திருச்சிச் செய்திகளுக்கென்றே தனி ஓடை உண்டு, அதைப் போடு. லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் ஓடை ஒன்று இருக்கட்டும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். ஒரு மாதமாக நீ திறக்காத ஓடையைத் தயங்காமல் நீக்கு.

2. படிக்காதவை முந்நூறு என்று காட்டினால் கலங்காதே. சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். நான்காவது, வாசகரின் நேரத்தைக் காப்பது. ஓடை படிக்கும்போது நீயும் வாசகர்தான். ஸ்ரீரங்கத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினால் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வருவதற்குள் தலைப்புகளைப் பார்த்துவிடலாம். அது போதும். நூலகம் திறந்தபின் எதிரே நிற்பவர் முகத்தைப் பார்.

3. இதுதான் முக்கியம். எந்தச் செய்தியையும் 'இது யாருக்கு?' என்று கேட்டுக்கொண்டே படி. நான் சேர்ந்த காலத்தில் எங்கள் மூத்த நூலகர் காலையில் பேப்பரும் கத்தரிக்கோலுமாக உட்கார்வார். நறுக்கிய துண்டின் ஓரத்தில் பென்சிலால் இதழின் பெயர், தேதி எழுதுவார். அதன் கீழே 'சித்திரை வீதி வாத்தியார்', 'குரூப் 4 பையன்' என்று ஆளையும் குறிப்பார். அந்த ஆள் உள்ளே வந்ததும் மேசை டிராயரைத் திறந்து நீட்டுவார். வாங்கிப்போன பெரியவர் ஒருவர், தன்னை நினைத்து ஒருத்தர் பேப்பர் படித்திருக்கிறாரே என்று மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டு போனார். உன் ரீடரில் நட்சத்திரம் போட்டுவைக்கும் வசதி இருக்கும். போடும்போதே ஒரு பெயரை நினைத்துக்கொள். அன்றைக்கே அனுப்பிவிடு.

4. ஓடையில் பல சமயம் தலைப்பும் இரண்டு வரியும்தான் வரும். அரசுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாளைப் பலகையில் எழுதுவதற்கு முன் டிஎன்பிஎஸ்சி தளத்திலேயே ஒரு தடவை பார்த்துவிடு. நீ எழுதும் தேதியை ஒரு பிள்ளை அப்படியே நம்பும்.

5. ஓடைப் பட்டியலை அவ்வப்போது ஓபிஎம்எல் கோப்பாக இறக்கி வை. கூகுள் ரீடரை 2013 ஜூலை 1ஆம் தேதி மூடினார்கள். பட்டியலைக் கையில் வைத்திருந்தவர்கள் அலட்டிக்கொள்ளாமல் வேறு ரீடருக்கு மாறினார்கள்.

6. ஓடையில் வராத செய்தியும் நிறைய உண்டு, கண்ணு. பல அரசுத் தளங்களில் ஓடையே கிடையாது. மாவட்ட மைய நூலகத்துக்கு மாதம் ஒரு தடவை போய், அங்கே வேலை பார்ப்பவர்களிடம் உட்கார்ந்து பேசு. எந்தப் பிள்ளை எந்தப் புத்தகம் கிடைக்காமல் திரும்பிப் போயிற்று என்பது அவர்கள் சொன்னால்தான் தெரியும். திங்கட்கிழமை போனதும் உன் வாசகர்களில் ஐந்து பேர் பெயரையும், அவர்கள் என்ன தேடுகிறார்கள் என்பதையும் ஒரு நோட்டில் எழுது. ரீடரை அதற்கப்புறம் திற.