மலிவு விலை எச்.டி. டிவி: வாங்கும் முன் குழுவில் பேசுவோம்



இந்த மாதப் பாடம் டிவி வாங்குவது பற்றியது. "டிவி வாங்கறதுக்குக்கூட பாடமா?" என்று சிரிக்க வேண்டாம். ஆடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், புடவை வாங்கும்போது முந்தானையை உதறிப் பார்க்கிறோம். பத்தாயிரம் ரூபாய் டிவியை மட்டும் படம் பளிச்சென்று தெரிகிறது என்று தூக்கி வந்துவிடுகிறோம். அதற்குக் குழுவில் கடனும் வாங்கியிருந்தால், டிவி நின்றுபோனாலும் தவணை நிற்காது. அதனால்தான் இந்தப் பாடம்.

2006 முதல் 2011 வரை தமிழக அரசு கொடுத்த 14 அங்குல இலவசக் கலர் டிவிதான் நம்மில் பலர் வீட்டுக்கு வந்த முதல் டிவி. அந்தப் பெட்டி டிவி கெட்டால், பக்கத்து ஊர் மெக்கானிக் திறந்து பார்த்து ஒரு சாமானை மாற்றிக் கொடுத்துவிடுவார். இப்போது கடையில் இருப்பதெல்லாம் தட்டையான எல்.இ.டி. டிவி. எடை குறைவு, கரண்ட் செலவும் குறைவு. ஆனால் பழுது வந்தால் பழைய டிவி மாதிரி சுலபமாகச் சரி செய்ய முடியாது. ஆகவே ஒரு டிவி மலிவா இல்லையா என்பது வாங்கும் நாளில் தெரியாது, முதல் பழுது வரும் நாளில்தான் தெரியும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வாங்கியவர்கள் சொல்வது என்ன?

"எச்.டி.ன்னு சொல்லித்தான் வாங்கினோம். வீட்டுல போட்டா முகமெல்லாம் அகலமா, மங்கலா தெரியுது." பலரும் சொல்லும் முதல் குறை இது. இதில் டிவி மேல் தப்பில்லை. கடையில் எச்.டி. படம் ஓட்டிக் காட்டுகிறார்கள். நம் வீட்டுக் கேபிள் பாக்ஸ் சாதாரண பாக்ஸ். அதில் வரும் படத்துக்கு 576 வரிகள்தான், எச்.டி. ரெடி டிவித் திரையில் இருப்பது 768 வரிகள். இல்லாத வரிகளை டிவி தானே இட்டு நிரப்புவதால் படம் மங்குகிறது. பழைய சதுரப் படத்தை அகலத் திரைக்கு இழுப்பதால் முகம் பெருக்கிறது. எச்.டி. படம் வேண்டுமானால் எச்.டி. செட்டாப் பாக்ஸ், எச்.டி. சேனல், எச்.டி.எம்.ஐ. வயர் மூன்றும் வேண்டும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று முனை உள்ள மூன்று வயரில் எச்.டி. வராது. எச்.டி. பாக்ஸுக்கும் சேனலுக்கும் மாதா மாதம் எவ்வளவு கூடும் என்று கேபிள்காரரிடம் முதலிலேயே கேளுங்கள். முகம் அகலமாகத் தெரிவதை மட்டும் ரிமோட்டில் படத்தின் அளவை 4:3 என்று மாற்றிச் சரி செய்யலாம். அதற்குக் காசு இல்லை.

"படம் நல்லாருக்கு, சத்தந்தான் கேக்க மாட்டேங்குது." தட்டை டிவியில் ஸ்பீக்கருக்கு இடம் குறைவு. சின்ன ஸ்பீக்கர் கீழ்ப்பக்கமோ பின்பக்கமோ பார்த்து இருக்கும். சுவரை ஒட்டி வைத்தால் பரவாயில்லை. திறந்த திண்ணையில் வைத்தால் சத்தம் கரைந்துவிடும். கடையில் வாங்கும்போதே சத்தத்தைக் கூட்டி, பத்தடி தள்ளி நின்று கேளுங்கள். அதிரும் சத்தம் வந்தால் வேறு டிவி பாருங்கள்.

"சத்தம் வருது, படம் வரல." வாரண்டி முடிந்த பிறகு பலர் சந்திக்கும் பழுது இது. திரைக்குப் பின்னால் வரிசையாகச் சின்ன எல்.இ.டி. விளக்குகள் இருக்கின்றன. அந்த வெளிச்சத்தில்தான் படம் தெரிகிறது. விளக்கு வரிசை கெட்டால் திரை இருண்டுவிடும். இருட்டில் டார்ச் லைட்டைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். படம் மங்கலாக அசைவது தெரிந்தால், பெரும்பாலும் போனது விளக்குதான். இதை மாற்ற முடியும், செலவும் தாங்கக்கூடியதுதான். திரையே போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பும் முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

"பையன் பந்து அடிச்சான், நடுவுல கோடு விழுந்திருச்சு." திரை உடைந்தாலோ, உள்ளே நசுங்கிக் கோடு விழுந்தாலோ திரையையே மாற்ற வேண்டியிருக்கும். மலிவு டிவியில் அதற்கு ஆகும் செலவு பல நேரம் புது டிவி விலையைத் தொட்டுவிடும். உடைந்த திரைக்கு வாரண்டியும் கிடையாது.

பெட்டி மேல் என்ன படிக்க வேண்டும்?

1. அளவு: 32 அங்குலம் என்பது திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரை உள்ள நீளம். சுமார் 80 சென்டிமீட்டர் வர வேண்டும். சட்டத்தைச் சேர்க்காமல் கண்ணாடியை மட்டும் தையல் டேப்பால் அளந்து பாருங்கள்.

2. திரையின் புள்ளிக் கணக்கு: 1366 x 768 என்றால் எச்.டி. ரெடி. 1920 x 1080 என்றால் ஃபுல் எச்.டி. 3840 x 2160 என்றால் 4கே. சில பெட்டிகளில் '4கே சப்போர்ட்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். உள்ளே இருப்பது 1366 x 768 திரையாக இருக்கலாம். பெரிய எழுத்தை விட்டுவிட்டு இந்த எண்ணைத் தேடிப் படியுங்கள். சின்ன அறையில் ஏழெட்டு அடி தள்ளி உட்கார்ந்து 32 அங்குல டிவி பார்க்கிறவர்களுக்கு எச்.டி. ரெடியே போதும்.

3. பதிவு எண்: டிவிக்கு பி.ஐ.எஸ். பதிவு கட்டாயம். பின்பக்க ஸ்டிக்கரில் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் எண் இருக்கும். அரசின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால் தயாரித்தவர் விவரம் தெரியும். எண்ணே இல்லாத டிவியை விலை குறைவு என்று தொடாதீர்கள்.

4. கரண்ட்: நட்சத்திர ஸ்டிக்கரைப் பாருங்கள். 50 வாட் டிவி தினம் 5 மணி நேரம் ஓடினால் கால் யூனிட் ஆகும். இரண்டு மாதத்துக்கு 15 யூனிட்.

5. ஸ்மார்ட் டிவியா?: இணையம் இல்லாத வீட்டுக்கு ஸ்மார்ட் டிவி வாங்கினால் கூடுதல் பணம் வீண். செல்போன் டேட்டாவில் பார்க்கலாம் என்றால், எச்.டி. படம் ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை முதல் மூன்று ஜி.பி. வரை இழுத்துவிடும். நாள் பேக் ஒரு சினிமாவுக்கே காணாது.

பணத்துக்கு என்ன வழி?

கணக்குப் புரிவதற்காக டிவியின் ரொக்க விலை 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வழி: மாதம் 1,000 ரூபாய் வீதம் 10 மாதம் சேர்த்து வாங்குவது. வட்டி இல்லை.

இரண்டாம் வழி: குழுவில் உள்கடன். நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டி, அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் என்றால், முதல் மாதம் 100, அடுத்த மாதம் 90 என்று போய், 10 மாதத்தில் மொத்த வட்டி 550 ரூபாய். அதுவும் நம் குழு நிதியில்தான் சேரும்.

மூன்றாம் வழி: வாசலுக்கு வரும் தவணைக்காரர். வாரம் 500 ரூபாய்தானே என்று தோன்றும். 28 வாரம் என்றால் 14,000 ரூபாய். 4,000 ரூபாய் கூடுதல்.

"பூஜ்ய வட்டித் தவணை" என்று கடையில் சொல்வார்கள். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-ஆம் ஆண்டே வங்கிகளுக்கு எழுதியிருக்கிறது. அந்த வட்டி செயல்பாட்டுக் கட்டணமாக வரும், அல்லது ரொக்கத்துக்குக் கிடைக்க வேண்டிய தள்ளுபடியில் மறைந்திருக்கும். "ரொக்கமா குடுத்தா என்ன விலை? தவணைல மொத்தம் எவ்வளவு கட்டணும்?" இந்த இரண்டு கேள்வியையும் கேட்டு, இரண்டு தொகையையும் எழுதி வாங்குங்கள்.

ஒன்று மட்டும் உறுதியாக இருப்போம். மாட்டுக்கும் தையல் மெஷினுக்கும் என்று வங்கியில் வாங்கிய தொழில் கடனில் டிவி வாங்கக் கூடாது. மாடு பால் கொடுத்துத் தவணை கட்டும். டிவி கட்டாது.

கடையில் செய்ய வேண்டியவை

* பில் உங்கள் பெயரில் போடச் சொல்லுங்கள். மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் பில்லில் இருக்க வேண்டும்.

* "பில் வேண்டாம்னா ஐந்நூறு குறைக்கிறேன்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையில் வரியும் அடக்கம். பில் கேட்டால் அதற்கு மேல் வரி என்று சேர்க்க முடியாது.

* வாரண்டி கார்டில் கடை சீலும் தேதியும் வாங்குங்கள். ஓராண்டா, இரண்டாண்டா, திரைக்கும் உண்டா என்று கேளுங்கள்.

* சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் இருக்கிறது, வீட்டுக்கு ஆள் வருவாரா, நாம் தூக்கிப் போக வேண்டுமா என்று கேளுங்கள். கடையிலேயே அந்த எண்ணுக்குப் போன் போட்டுப் பாருங்கள். யாரும் எடுக்கவில்லை என்றால் அந்த டிவி மலிவு இல்லை.

* கொண்டுவரும்போது டிவியைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தியே வையுங்கள். பெட்டியையும் தெர்மாகோலையும் அடுப்பெரிக்கப் போட்டுவிடாமல் வாரண்டி முடியும் வரை வைத்திருங்கள்.

வீட்டில் பாதுகாப்பு

இடி மின்னல் வந்தால் ரிமோட்டில் அணைத்தால் போதாது. பிளக்கைப் பிடுங்கி, கேபிள் வயரையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வயர் வழியாகவும் வரும். மின்னலால் போன டிவிக்குப் பொதுவாக வாரண்டி கிடைப்பதில்லை. ஆனால் இடி இடித்துக்கொண்டிருக்கும்போது வயரைத் தொடாதீர்கள், மேகம் கூடும்போதே கழற்றிவிடுங்கள். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊரில் ஸ்டெபிலைசர் வைப்பது நல்லது. திரையைக் காய்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள், தண்ணீர் தெளிக்க வேண்டாம். வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் கண்ணுக்கும் இதம், உள்ளே இருக்கும் விளக்கும் நாள்பட உழைக்கும்.

பழுதானால் நமக்கு என்ன உரிமை?

2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 நமக்குத் துணை நிற்கிறது. பில் கொடுக்க மறுப்பது அந்தச் சட்டப்படி முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன நாட்களுக்குள், அப்படி எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாட்களுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் முறையற்ற வணிகம்தான். ஆகவே "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சடித்திருந்தாலும் பயப்பட வேண்டாம்.

முதலில் கடையிலும் கம்பெனியிலும் புகார் செய்து, புகார் எண்ணையும் தேதியையும் நோட்டில் எழுதுங்கள். சரியாகவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். அதற்கும் சரியாகவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். டிவியை எந்த ஊரில் வாங்கியிருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை வந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். இதற்கெல்லாம் முதலில் கேட்பது பில்தான். பில் வீட்டுக்காரர் பெயரில் இருந்து, அவர் வெளியூரில் வேலையில் இருந்தால் ஒவ்வொரு கையெழுத்துக்கும் காத்திருக்க வேண்டும். கடன் கட்டுவது நீங்கள் என்றால் பில்லும் உங்கள் பெயரில் இருக்கட்டும்.

கூட்டத்தில் கலந்து பேச

1. நம் குழுவில் யார் வீட்டில் தட்டை டிவி இருக்கிறது? எத்தனை வருடம் உழைத்தது? முதலில் வந்த பழுது என்ன, செலவு எவ்வளவு?

2. அவர்களில் எத்தனை பேரிடம் பில் இருக்கிறது? யார் பெயரில்?

3. டிவிக்கு உள்கடன் கொடுக்கலாமா? கொடுத்தால் அதிகபட்சம் எவ்வளவு, எத்தனை மாதம்? முடிவைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

4. நம் பகுதிக்குப் பக்கத்தில் சர்வீஸ் சென்டர் உள்ள கம்பெனிகள் எவை? ஊக்குநர் ஒரு பட்டியல் எழுதிக் குழு நோட்டில் ஒட்டி வைக்கலாம்.

இந்த மாதம் டிவி வாங்க நினைக்கும் சகோதரி, கடைக்குப் போகும்போது குழுவிலிருந்து இன்னொருவரையும் கூட்டிப் போங்கள். ஒருவர் படத்தைப் பார்க்கட்டும், ஒருவர் பில்லைப் பார்க்கட்டும்.