பழைய நிரலுக்குச் சொல்லும் பதில்

ஆரணி

சிரஞ்சீவி தம்பிக்கு ஆசீர்வாதம்.

கம்பைலரின் பிழைச் செய்திகளைச் சீர்திருத்தும் பணியில் நீ பிரவேசித்திருப்பதாக எழுதிய கடிதம் கண்டு சந்தோஷமடைந்தேன். உன் செய்தியை வாசிக்கப்போகிறவர்களில் பலர், ஒரு காலத்தில் சரியாக இருந்ததைச் சிரத்தையுடன் கற்றவர்கள் என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்.

நம் கல்லூரிகளில் டர்போ சி++ கொண்டு பயின்ற தலைமுறை, நிரலின் முதல் வரியில் 'ஐஓஸ்ட்ரீம் புள்ளி ஹெச்' என்று எழுதிப் பழகியது. 1998-இல் சி++ மொழிக்குச் சர்வதேசத் தரம் வகுக்கப்பட்டபோது அந்தப் 'புள்ளி ஹெச்' உதிர்ந்துபோயிற்று. ஆயினும் ஜிசிசி கம்பைலர் பழைய பெயரையும் சில காலம் ஏற்றுக்கொண்டு, 'இது வழக்கொழிந்தது, இதற்குப் பதில் இன்னதை எழுதுக' என்று எச்சரித்து வந்தது. 2008-இல் வெளிவந்த 4.3-ஆம் பதிப்பில் அந்தப் பழைய கோப்புகள் நீக்கப்பட்டன; எச்சரிக்கை அக்கோப்புகளின் வழியாகவே வந்துகொண்டிருந்தமையால், அதுவும் அவற்றோடு மறைந்தது. பிறகு மாணவன் கண்டது, 'அப்படியொரு கோப்பு இல்லை' என்ற வரியை மட்டுமே. சத்தியமான வாக்கியந்தான், அவனுக்கு அதனால் யாதொரு பிரயோஜனமும் இல்லை.

பைதானின் சரித்திரம் வேறு. 2008-இல் வந்த மூன்றாம் பைதானில் 'பிரிண்ட்' என்பதற்கு அடைப்புக்குறி கட்டாயமாயிற்று. பழைய முறையில் எழுதியவனுக்கு முதலில் 'தொடரியல் தவறு' என்ற வறண்ட பதிலே கிடைத்தது. பின்வந்த பதிப்புகளோ அடைப்புக்குறி விடுபட்டதைப் பெயர் சொல்லிச் சுட்டி, எழுத வேண்டிய வடிவத்தையும் காட்டலாயின. நம் ஊர்ப் பட்டுத் தறியில் பாவு இழை அறுந்தால், 'சேலை கெட்டது' என்று கூவுகிறவரையா தேர்ந்த நெசவாளர் என்கிறோம்? அறுந்த இழையை விரல் வைத்துக் காட்டுகிறவரையல்லவா!

ஆனால் உபகாரம் செய்யும் ஆவலில், நிச்சயமில்லாத அனுமானத்தைத் தீர்ப்பாக உரைத்துவிடாதே. தவறான யோசனை, மௌனத்தைக் காட்டிலும் அதிக நேரத்தை விழுங்கும். ரஸ்ட் கம்பைலர் தான் கூறும் திருத்தங்களை, இயந்திரமே செய்துவிடத்தக்கவை என்றும் தவறாக இருக்கக்கூடியவை என்றும் தரம் பிரித்து வைத்திருக்கும் விவேகத்தை நீ கவனித்துப் பயில வேண்டும். பழைய பாடநூல்களிலுள்ள நிரல்களைச் சேகரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புதிய பதிப்பிலும் அவற்றை ஓட்டி, வரும் பதிலை ஒரு முதலாண்டு மாணவன் பார்வையில் வாசித்துப் பார்.

பழைய வசதியை நீக்கும் அதிகாரம் உனக்கு உண்டு. நீக்கியதைச் சொல்லி மாற்றுவழி காட்டும் கடமையை நீக்கிக்கொள்ளும் அதிகாரம் ஒருபோதும் இல்லை.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் ஆசிரியன்