பார்ட்னர் ரெண்டு தடவை பேசிட்டார், இப்போ நீங்க?

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரிட்ஜில் இந்தியா தங்கம் வென்ற செய்தியைப் படித்துத்தான் எங்க ஹாஸ்டல் அறையில் இந்த ஆட்டம் தொடங்கியது. ரம்மி ஆடிய கைகளுக்குச் சீட்டு இறக்குவது சீக்கிரம் பிடிபட்டது. ஏலம்தான் படுத்தி எடுத்தது. அதிலும் முதல் பதிலை எப்படியோ சொல்லிடலாம், இரண்டாவது பதிலில்தான் மாட்டுவோம்.

நான் மாட்டிய ஆட்டம் இது. எதிரணி ரெண்டு பேரும் பாஸ். பார்ட்னர் சீனியர் அண்ணா 1 டைமண்ட் என்றார், நான் 1 ஸ்பேடு. அவர் 2 கிளாவர். என் கையில்:

ஸ்பேடு: ராஜா, ஜாக்கி, 8, 5, 4
ஹார்ட்டின்: ராணி, 7, 3
டைமண்ட்: 6
கிளாவர்: ஜாக்கி, 8, 5, 4

அஞ்சு ஸ்பேடு இருக்கே என்று 2 ஸ்பேடு சொன்னேன். அண்ணா கையில் ஒரே ஒரு ஸ்பேடு! ரெண்டு பிடி குறைந்து தோற்றோம். "தம்பி, நீ உன் சீட்டைப் பார்த்துப் பேசின, நான் சொன்னதைக் கேட்கவே இல்ல" என்றார். பாடம் அவ்வளவுதான்.

அவர் சொன்னது என்ன? டைமண்ட் பெரும்பாலும் 5, கிளாவர் 4, பாயின்ட் சுமாராக 12 முதல் 18. (ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக்கி 1.) ஸ்பேடில் 4 சீட்டு இருந்திருந்தால் அப்போதே ஆதரித்திருப்பார். ரெண்டு பேர் கையும் சேர்ந்து 25 பாயின்ட் வந்தால் கேம், அதாவது 3 நோ ட்ரம்ப் அல்லது 4 ஸ்பேடு, 4 ஹார்ட்டின். அந்தக் கூட்டலைப் போட வேண்டியது நீங்கள்தான்.

6 முதல் 10 வரை: கீழேயே நிறுத்துங்கள். மேலே உள்ள கையில் கிளாவர் 4+4, பாஸ்தான் சரி. டைமண்ட் 3, கிளாவர் 2 இருந்தால் 2 டைமண்ட். இது பலம் காட்டுவது இல்லை, 'உங்க ரெண்டுல இது எனக்குத் தேவலை' என்பது மட்டுமே. ரெண்டிலும் 2 சீட்டு என்றாலும் அவர் முதலில் சொன்ன டைமண்டுக்கே போங்க. 2 ஸ்பேடு சொல்ல 6 சீட்டு வேணும்.

11, 12: அழைப்பு விடுங்கள். ஸ்பேடில் ஏஸ், ராணியோடு 4 சீட்டு, ஹார்ட்டினில் ராஜா, ஜாக்கி, 3, டைமண்டில் ஜாக்கி, 7, 4, கிளாவரில் 9, 6, 2. மொத்தம் 11, ஹார்ட்டினுக்குக் காவலும் உண்டு. 2 நோ ட்ரம்ப் சொல்லுங்க. பார்ட்னர் 12 வைத்திருந்தால் பாஸ், 14 என்றால் 3 நோ ட்ரம்ப்.

13-க்கு மேல்: கேமுக்குப் போயே ஆகணும். ஸ்பேடில் ஏஸ், ராஜாவோடு 5, ஹார்ட்டினில் 7, 6, 3, டைமண்டில் ராஜா, 8, கிளாவரில் ராணி, ஜாக்கி, 5. பாயின்ட் 13, ஆனால் ஹார்ட்டின் ஓட்டை. இங்கே யாரும் சொல்லாத நாலாவது ஜாதியைச் சொல்வோம்: 2 ஹார்ட்டின். 'என்கிட்ட ஹார்ட்டின் இருக்கு' என்று அர்த்தம் இல்லை, 'இன்னும் சொல்லுங்க' என்று அர்த்தம். அவர் பாஸ் செய்யக் கூடாது. ஹார்ட்டின் காவல் இருந்தால் நோ ட்ரம்ப், ஸ்பேடு மூணு இருந்தால் ஸ்பேடு. இதை ஆட்டத்துக்கு முன்பே பேசி வைங்க. எதிரணி கேட்டால் விளக்கவும் வேணும், பிரிட்ஜில் ரகசிய சங்கேதம் கிடையாது.

இப்போ உங்க முறை. அதே ஏலம். ஸ்பேடு: ஏஸ், ராணி, ஜாக்கி, 9, 6, 4. ஹார்ட்டின்: 8, 5. டைமண்ட்: ராஜா, 7. கிளாவர்: ஜாக்கி, 6, 3. என்ன சொல்வீங்க?

பாயின்ட் 11, ஸ்பேடு 6. 2 ஸ்பேடு என்றால் பலவீனம் என்று நினைத்து அண்ணா விட்டுவிடுவார். அதனால் 3 ஸ்பேடு. 'ஆறு இருக்கு, கேமுக்குக் கிட்ட இருக்கேன், முடிவு உங்க கையில' என்று பொருள்.

நான் இப்போதெல்லாம் வாயைத் திறக்கும் முன் அவர் சொன்ன இரண்டையும் மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். அண்ணா திட்டுவது பாதியாகக் குறைந்திருக்கிறது.