பழைய பிரவுசரில் விவரம் வராவிட்டால்...



2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி வந்தபின், திருப்பூரில் பனியன் கம்பெனிக்கும் மளிகைக் கடைக்கும் கணிப்பொறி இன்றியமையாததாயிற்று. சில கடைகளில் இன்னும் விண்டோஸ் 7 கணிப்பொறிதான். அதில் பக்கம் திறக்கும். பட்டனை அழுத்தினால் விவரம் வராது. காரணம் என்ன?

ஓர் இணையதளத்தின் பக்கம் வேறொரு தளத்திடம் விவரம் கேட்டால் பிரவுசர் தடுக்கும். 1995இல் நெட்ஸ்கேப் காலத்திலேயே வந்த காவல் இது. நம் நூல் கிடங்கை நினைத்துக்கொள்ளுங்கள். வெளி ஆள் வந்து பத்து மூட்டை நூல் கேட்டால், முதலாளியின் சீட்டு இல்லாமல் கிடங்குக்காரர் தருவாரா? அதுபோல, விவரம் தரும் தளம் "இன்ன தளத்துக்குத் தரலாம்" என்று தன் பதிலில் குறித்திருந்தால்தான் பிரவுசர் அனுமதிக்கும். இந்தச் சீட்டு முறையை இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8, 9 பதிப்புகள் அரைகுறையாகவே அறியும். 10ஆம் பதிப்பில்தான் சரியாக வந்தது. விண்டோஸ் 7இல் குரோம் 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது.

செய்ய வேண்டியவை:

1. அதே பக்கத்தைப் புதிய பிரவுசரில் திறந்து பாருங்கள். அங்கே வேலை செய்தால் குறை பழைய பிரவுசரில். அங்கேயும் வராவிட்டால் குறை பெரும்பாலும் தளத்தில். சாஃப்ட்வேர் விற்றவரிடம் சொல்லுங்கள்.

2. முகவரி எச்டிடிபிஎஸ் என்று தொடங்குகிறதா பாருங்கள். 'எஸ்' இல்லாவிட்டால் பிரவுசர் அதை வேறு தளமாகவே கணக்கிடும்.

3. கணிப்பொறியின் தேதியைச் சரிபாருங்கள். தேதி தவறினால் பாதுகாப்புச் சான்று செல்லாது, தொடர்பும் அறுந்துவிடும்.

4. டிஜிட்டல் கையெழுத்து இடுவோர் கவனிக்க: எம்சைனர் உங்கள் கணிப்பொறிக்குள்ளேயே ஓடினாலும், பிரவுசருக்கு அது வேறு தளம்தான். தொடர்பு கிடைக்காவிட்டால் எம்சைனரை மூடி, 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறவுங்கள்.

செய்யக் கூடாதது ஒன்று: "செக்யூரிட்டியை ஆஃப் செய்தால் ஓடும்" என்று யாராவது சொல்வார்கள். ஓடலாம். ஆனால் அதே பிரவுசரில்தான் பாங்க் கணக்கையும் திறக்கிறோம். காவல் இல்லாதபோது வேறொரு தளம் அந்த விவரங்களை எடுத்துக்கொண்டு போக வழி உண்டு. கிடங்குச் சாவியை வாசலில் தொங்கவிடலாமா?

மாதந்தோறும் தாக்கல் செய்வோருக்கு ஜிஎஸ்டிஆர்-1க்கு 11ஆம் தேதியும், 3பிக்கு 20ஆம் தேதியும் வழக்கமான கடைசி நாள். தவறினால் நாள் கணக்கில் தாமதக் கட்டணம் ஏறும். ஆகவே கணிப்பொறியை இரண்டு நாள் முன்னதாகவே சோதித்து வையுங்கள்.