உங்கள் வழிகளை வரைந்து பாருங்கள்



ஒரு செங்கலை எடுத்து அதன்மேல் எருசலேம் நகரத்தை வரையும்படி எசேக்கியேல் கட்டளை பெற்றார் (எசே. 4:1). வரப்போகிற முற்றுகைக்கு அடையாளம்தான் அது. ஆனாலும் பாபிலோன் தேசத்தில் சிறைப்பட்டிருந்தவர் வரைந்தது தன் சொந்த தேசத்து நகரத்தையல்லவா!

1802-ல் லாம்டன் துரை பரங்கிமலைப் பக்கத்தில் சங்கிலி பிடித்து நிலத்தை அளந்தார். அப்படிப்பட்ட மேப்பில் மைல் கணக்கு சரியாயிருக்கும். உங்க வீட்டு வாசல் இருக்காது. மாமல்லபுரத்து மீனவர்களைக் கேளுங்கள். கரையில் தெரிகிற அடையாளங்களைப் பார்த்தே கடலுக்குள்ளே தாங்கள் நிற்கிற இடத்தை அறிகிற வழக்கம் அவர்களுக்கு உண்டு. நம்மை நாமே வரைகிற மேப்பும் இப்படித்தான்.

ஒரு வெள்ளைத்தாள் எடுங்க. நடுவில் வீடு. மனதுக்கு நெருக்கமான இடம் பெரிதாக வரட்டும், தூரம் எவ்வளவாயிருந்தாலும் பரவாயில்லை. ஸ்கேல் வேண்டாம்.

செங்கல்பட்டில் ஒரு தாயார் வரைந்தார்கள். கொளவாய் ஏரி, ஸ்டேஷன், மகள் வீடு எல்லாம் இருந்தது. பிறந்து வளர்ந்த கடற்கரைக் குப்பம் மட்டும் இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம் அந்தப் பக்கமே அவர்கள் போனதில்லை.

"இடம் பத்தல, பிரதர்" என்றார்கள். தாளின் கிழக்கு ஓரம் காலியாகத்தான் கிடந்தது. நான் வற்புறுத்தவில்லை, எண்ணாகமம் 33-ஐ மட்டும் வாசித்தோம். மோசே எழுதின பிரயாணக் கணக்கில் மாராவும் இருக்கிறது, கசப்பென்று அதை விட்டுவிடவில்லை.

அடுத்த வாரம் அதே தாளோடு வந்தார்கள். கிழக்கு ஓரத்தில் நீலப் பென்சிலால் ஒரு கோடு. அதன் பக்கத்தில் சின்னதாய் ஒரு வீடு.